பின் சீட் இல்லாத கார்

ஜெயசீலி மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகக் காரோடு வருகிறாள் என்ற கடிதம் சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்ததும், அவளுடைய அண்ணன் சாந்தகுமார் முதல் வேலையாக யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்தார். முன்னால் டிரைவரும் அவரும். நடுவில் மனைவி அபிகாயிலும் இரண்டு பெண்களும். பின்னால் மாமியார், மாமியாரின் தங்கை, கடைசிப் பையன். எல்லோரையும் உட்கார வைத்த பிறகு ஜெயசீலிக்கு இடம் மிஞ்சவில்லை.

"அவ ஒல்லிதானே, எங்கனா ஒட்டிக்குவா" என்றார்.

இது 1992 ஜனவரியில். ஜெயசீலிக்கு நாற்பத்தொரு வயது. நர்ஸிங் முடித்து உள்ளூரில் சில வருஷம் வேலை பார்த்துச் சலித்து, பதினான்கு வருஷங்களுக்கு முன்பு மஸ்கட்டுக்கு விமானம் ஏறியவள். அவள் அனுப்பிய சம்பளத்தில் தங்கையின் கல்யாணம் நடந்தது, அண்ணன் வீட்டுக்கு மாடி வந்தது, சபை ஆலயத்தின் மணிக்கூண்டு மேலே உயர்ந்தது. மணிக்கூண்டின் கீழ்ப்பாதிக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மேல்பாதி ஜெயசீலியுடையது. அங்கே கல் பதித்தால் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் பதிக்கவில்லை.

கார் அவளாகத் தேடி வாங்கியதல்ல. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இங்கிலாந்து டாக்டர் ஒருவர் ஊர் திரும்பும் அவசரத்தில் விற்ற வண்டி அது. எண்பத்தாறில் செய்த ஜப்பான் கார், சிவப்பு நிறம். தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும். விலையைச் சொன்னபோது ஜெயசீலி காதில் தப்பாக விழுந்ததோ என்று மறுபடி கேட்டாள். ஓட்டிப் பாருங்கள் என்று டாக்டர் சாவியைக் கொடுத்தார். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தவள் கீழே இறங்குவதற்கு மனமில்லாமல், உட்கார்ந்தபடியே விலையை ஒத்துக்கொண்டாள்.

வண்டியை எடுக்க மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சாந்தகுமார் தனியாகப் போகவில்லை. மொத்தம் ஒன்பது பேர், புளிச்சோற்று மூட்டையோடு பஸ்ஸில் போனார்கள். திரும்பும்போது காரில் வரலாம் என்பது கணக்கு. விமானத்தில் வந்திறங்கிய ஜெயசீலி துறைமுகத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

சுங்க அதிகாரி ஒருவர் வண்டியின் முன்மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்டெப்னி டயர் ஒன்று படுத்திருந்தது.

"இன்னாம்மா இது, என்ஜின் எங்க?"

"நடுவுல இருக்குது சார்."

"நடுவுல நீதானே உக்கார்ற?"

"எனக்குப் பின்னாடி, பின் சக்கரத்துக்கு முன்னாடி" என்று ஜெயசீலி சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்து காட்டினாள். அதற்கும் பின்னால் சாமான் வைக்க இன்னொரு மூடி. மூன்று மூடியுள்ள காரை சர்வீஸில் முதல் முறையாகப் பார்ப்பதாகச் சொல்லி, அவர் தன் நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சித்தூர்க் கூட்டம் மூடிகளை எண்ணவில்லை. சீட்டுகளை எண்ணியது. எத்தனை முறை எண்ணினாலும் இரண்டுதான் வந்தது. அபிகாயில் கண்ணாடியில் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தாள்.

"பின்னாடி சீட்டைக் கப்பல்லயே கழட்டிக்கினாங்களா?"

"இல்ல அண்ணி, இந்த வண்டி இவ்வளவுதான்."

சாந்தகுமார் ஏறிக்கொண்டார். மற்ற எட்டுப் பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். மாமியார் ஒரு வாரம் மருமகனோடு பேசவில்லை. காரால் கிடைத்த முதல் நன்மை அதுதான் என்று சாந்தகுமார் பின்னாளில் நண்பர்களிடம் சொல்லுவார்.

அது இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. ஜெயசீலி இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். லாரிக்குப் பின்னால் போகும்போது எதிரே என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது, வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ண்ணா, எதிர்ல வண்டி வருதா?"

"வருதும்மா, வருது."

அவர் சொன்ன வண்டி ஒரு மைல் தூரத்தில் வரும் கட்டை வண்டி. ராணிப்பேட்டை வரை வைக்கோல் லாரி ஒன்றின் பின்னாலேயே வந்தார்கள். காருக்குள் வைக்கோல் விழுந்ததே தவிர, லாரியைத் தாண்ட முடியவில்லை.

சித்தூருக்குள் நுழைந்தபோதுதான் சாந்தகுமாருடைய வாழ்க்கையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அவர் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக அதே வகுப்பு. வலப்பக்க ஜன்னலில் முழங்கையை வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த டீக்கடைக்காரர், "அடேய், நம்ம வாத்தியார் கார் ஓட்டிக்கினு வர்றார்டா!" என்று கத்தினார். நம் ஊரில் வலப்பக்கம் இருப்பவன்தானே டிரைவர்? சாந்தகுமார் மறுக்கவில்லை. லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஸ்டியரிங் பிடித்தாற்போல் வைத்துக்கொள்ளப் பழகினார். பக்கத்தில் இருக்கும் தங்கையை ஊரார் பார்த்தார்கள். வாத்தியார் தங்கைக்குச் சந்தோஷமாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறார் என்று மெச்சினார்கள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் விற்கக்கூடாது என்று சுங்கக் காகிதத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் சபைக்கு ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இரண்டாவது சீட்டு யாருக்கு? கல்யாணம் ஆகாத பெண் இரண்டு சீட்டு வண்டியை வாங்கியிருக்கிறாள் என்றால் மனதில் யாரையோ வைத்துத்தானே வாங்கியிருப்பாள்? சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மூன்று வியாழக்கிழமை இதே பேச்சு. மனைவியை இழந்த இரண்டு பேர், ஒருவர் ரயில்வேயில் ரிடையர் ஆனவர், இன்னொருவர் பல்செட் கட்டியவர், சாந்தகுமார் வீட்டுக்கு ஜெபம் பண்ண அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். ஜெபம் முடிந்ததும் இருவரும் வாசலில் நின்று வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இது சாந்தகுமாருக்குக் கலக்கத்தைக் கொடுத்தது. யாராவது ஒருவர் நிரந்தரமாக அந்தச் சீட்டில் ஏறிவிட்டால் தன் கதி என்ன? ராத்திரி சாப்பாட்டின்போது பேச்செடுத்தார்.

"ஜெயா, இந்த வண்டி குடும்பத்துக்கு ஆவாதும்மா. வித்துட்டு ஒரு வேன் எடுத்தா எல்லாரும் போலாம்."

ஜெயசீலி மறுக்கவில்லை. அந்த வீட்டில் மறுத்தால் மூன்று நாள் பேச வேண்டும், சரி என்றால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். தவிர இதை யார் வாங்கப் போகிறார்கள் என்ற தைரியம் அவளுக்கு உண்டு. "வித்துடு ண்ணா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தெலுங்குப் பேப்பரில் விளம்பரம் வந்த நான்காம் நாள் நகரியிலிருந்து கோவர்த்தனன் வந்தார். பவர்லூம் முதலாளி. புதுசாகப் பதினாறு தறி போட்டவர். வந்ததும் முன்மூடியைத் திறந்தார். டயரைப் பார்த்தார். சாந்தகுமாரைப் பார்த்தார்.

"என்ஜினைத் தனியா வித்துட்டீங்களா?"

"பின்னாடி இருக்குதுங்க."

"பின்னாடியா? மாட்டைப் பின்னாடி கட்டினா வண்டி முன்னாடி போவுமா வாத்தியாரே?" என்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "எத்தினி பேர் போலாம்?"

"ரெண்டு பேர்."

"சைக்கிள்லயே நாங்க மூணு பேர் போறோமே!"

அடுத்து வெதுருகுப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். மண்டல், அதாவது பஞ்சாயத்து ஒன்றியத் தேர்தலுக்கு நிற்கப் போகிறவர். வெள்ளைச் சட்டை கசங்காமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தவர் வெளியே பார்த்தார். வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. "ஓட்டு கேக்கப் போறவன் ஜனத்தை அண்ணாந்து பாக்கறதா?" என்று கேட்டார். அவரை எழுப்பி வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர்தான் உண்மையாகவே வாங்க வந்தவர். திருப்பதியில் மூன்று லாட்ஜ் வைத்திருக்கும் வேதாச்சலம். அவருடைய மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போயிருந்தான். டிசம்பரில் லீவுக்கு வருகிறான்.

"அங்க அவன் இடது பக்கம் உக்காந்து ஓட்டிப் பழகிட்டான். இங்க வந்து வலது பக்கம் உக்காந்தா பழக்கம் கெட்டுப் போவும் பாருங்க" என்றார். சாந்தகுமாருக்கு மயக்கமே வந்தது. ஊரெல்லாம் குறையாகச் சொன்ன ஒன்றை நிறையாகச் சொல்ல ஒரு மனிதர் வந்துவிட்டாரே!

வேதாச்சலம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டி திருமலை ஏற வேண்டும். "எங்க ஊர்ல வண்டின்னா மலை ஏறணும். ஏறாத வண்டியை லாட்ஜ் முன்னாடி நிறுத்தினா ரூம் எடுக்க வர்றவனே சிரிப்பான்."

ஏப்ரல் மாதம், காலை ஒன்பது மணி. மலையடிவாரத்தில், அலிபிரியில், சாந்தகுமார் இறக்கிவிடப்பட்டார். இரண்டு சீட்டில் மூன்று பேர் போக முடியாதே. அவர் ஒரு மரத்தடியில் நின்று, கை தன்னையறியாமல் ஸ்டியரிங் பிடிப்பதைக் கவனித்து, பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். அங்கே காத்திருந்த வேதாச்சலம் வலப்பக்கம் ஏறினார். வண்டி சோதனைச்சாவடி தாண்டி மலைப்பாதையில் ஏறியது.

சித்தூர் வீதிகளில் ஜெயசீலி மூன்றாம் கியரைத் தாண்டியதில்லை. முன்னால் எருமையோ, பக்கத்தில் அண்ணனோ இருப்பார்கள். இங்கே எதிரே வண்டி வராத பாதை, ஏறுகிறவர்களுக்கு மட்டுமே. முதுகுக்குப் பின்னால் என்ஜின் குரல் எழுப்பியது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி நினைத்த இடத்துக்குத் தானாகப் போனது. பஸ் ஒன்று, ஜீப் இரண்டு, மொட்டை போட வந்த கூட்டத்தோடு ஒரு வேன், எல்லாம் பின்னால் போயின. முதல் வளைவில் வேதாச்சலம் "கோவிந்தா" என்றார், பக்தியாக. மூன்றாவது வளைவில் சத்தமாக. எட்டாவது வளைவுக்குப் பிறகு வளைவு இல்லாத இடத்திலும் சொன்னார். தன் உதடு விரிந்திருப்பதை ஜெயசீலி கண்ணாடியில் பார்த்தாள். எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலே வண்டி நின்றதும் வேதாச்சலம் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கோயில் இருக்கும் திசைக்குக் கும்பிடு போட்டார்.

"வண்டி எப்பிடிங்க?"

"சானா பாகுந்தம்மா, ரொம்ப நல்லா இருக்குது. ஒரு கொறையும் சொல்ல முடியாது. அதாம்மா பயமா இருக்குது. எனக்கு ஒரே பையன்."

அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் பஸ் நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனார். ஜெயசீலி காபியை நிதானமாகக் குடித்துவிட்டு, இறங்கும் பாதையில் தனியாக வந்தாள். அலிபிரியில் வலப்பக்கச் சீட் காலியாக இருப்பதைப் பார்த்துச் சாந்தகுமாருக்கு முகம் வெளுத்தது.

"அவர் எங்கம்மா?"

"பஸ்ல வர்றார்."

"வாங்கறாரா?"

"வண்டி நல்லா இருக்குதாம் ண்ணா."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் ஜெபசிங், தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தீர்மானமாக எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. சபையைச் சேர்ந்த பெண் சபையார் அனைவருக்கும் அடையாளம் தெரிந்த சிவப்பு வாகனத்தில் திருமலைக்குப் போய்வந்தது குறித்து விளக்கம் கேட்கப்படுகிறது என்று வாசித்தார். வெயில் கொளுத்தும் மாதத்தில் அவர் தலையில் கம்பளிக் குல்லா இருந்தது. ஜலதோஷமாம், இரண்டு வாரமாக.

"வாங்க வந்தவர் ஏறிப் பாக்கணும்னார், ஏறினேன். கோயிலுக்குப் போவல" என்றாள் ஜெயசீலி. பிறகு, சும்மா தெரிந்துகொள்ளத்தான், "யார் பாத்து சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லத் தேவையில்ல. நானே என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எங்க நின்னு பாத்தீங்கண்ணே?"

ஜெபசிங் தீர்மானப் புத்தகத்தில் எதையோ தேடினார். சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர் நிலைமையைக் காப்பாற்ற எண்ணி, "நாம எல்லாரும் எழுந்து நின்னு ஜெபிக்கலாமே" என்றார். ஜெபத்தில் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு நிற்கும் வழக்கமில்லை. ஜெபசிங் ஒரு கணம் தயங்கினார். பிறகு குல்லாவைக் கழற்றினார். ஜெயசீலி கண்ணை மூடியிருந்தாள். கமிட்டியில் மற்ற ஏழு பேரும் மூடவில்லை. போதகர் "ஆமென்" சொன்னபோது யாருக்கும் என்ன ஜெபித்தார் என்றே தெரியவில்லை. தலைவரின் மழுமழுவென்ற தலையில் ஜன்னல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

"மருமக வீட்டுப் பக்க வேண்டுதல்" என்றார் ஜெபசிங், யாரையும் பார்க்காமல். "பேரனுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு. பொழச்சு வந்தா மொட்டை போடறேன்னு அந்தப் பொண்ணு நேர்ந்துக்கிச்சு. துணைக்குத்தான் போனேன். அங்க குழந்தை அழுதுச்சு, தாத்தாவும் போட்டாத்தான் போடுவேன்னு. இன்னா பண்றது?"

தீர்மானம் எழுதப்படவில்லை. கலைந்து போகும்போது ஜெயசீலி அவரிடம் போய், "பையன் இப்ப நல்லா துன்றானா?" என்று கேட்டாள். "துன்றாம்மா" என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு, அந்த வெயிலில் அவர் இரண்டு வாரம் கம்பளியில் வெந்ததுதான் அவள் மனதில் நின்றது.

வீட்டில் சாந்தகுமார் மட்டும் விடவில்லை. வண்டி இருப்பதால்தானே இந்தப் பேச்செல்லாம்? ஜெயசீலிக்கும் அலுத்துப்போயிருந்தது. சபையிலும் கடைத்தெருவிலும் தன்னைவிடத் தன் வண்டியின் சீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

ஜூலையில் ஒரு நாள் மதியம், ஆட்டோவில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். திருப்பதியில் நர்ஸிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டர் சிவசங்கரி. யாரும் வாங்கிவிடாதீர்கள் என்று வேதாச்சலம் ஊர் முழுக்க எச்சரித்துக்கொண்டிருந்ததில் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அவர் எந்த மூடியையும் திறக்கச் சொல்லவில்லை. நேராகக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

"பின்னாடி யாரையாவது உக்கார வைக்க முடியுமா?"

சாந்தகுமார் முந்திக்கொண்டார். "சின்னப் பசங்களா இருந்தா சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பேரைக் குறுக்கால..."

டாக்டரின் முகம் விழுந்தது. ஜெயசீலி அதைப் பார்த்தாள்.

"முடியாது டாக்டர். ஒரு கைப்பை வைக்கக்கூட இடம் இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சிவசங்கரி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம் வெளியே வரவில்லை. வந்தபோது பத்து மணி நேரம் தூங்கி எழுந்தவர் போல் இருந்தார்.

"எங்க வீட்டு அம்பாசடர்ல நான் ஏறும்போதெல்லாம் பின்னாடி நாலு பேர் இருப்பாங்க" என்றார். "நாத்தனார், அவங்க பசங்க, தரிசனத்துக்கு வந்த சொந்தக்காரங்க. போன வாரம் ஒரு அவசர கேஸ். வழியில மூணு இடத்துல ஆளுங்களை இறக்கிவிட்டுட்டுப் போனேன். நான் போறதுக்குள்ள குழந்தை பொறந்து, அதுக்குப் பேரும் வெச்சுட்டாங்க."

ஜெயசீலி சிரித்தாள். அப்புறம் வண்டியின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வண்டி விற்றுப்போகும் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பாகாலா வரை தனியாகப் போய்வந்தாள். கொல்லையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மஸ்கட்டில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள், இந்த இரண்டு வருஷமாகச் செய்த ஒரே வேலை அண்ணனுக்கு ஊர் சுற்றிக் காட்டியதுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. டாக்டருக்கு போன் செய்தாள்.

"வண்டி உங்களுக்குத்தான். இடது பக்கம் உக்காந்து ஓட்டத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாது."

"உங்க ஆஸ்பத்திரில நர்ஸ் வேணுமா?"

"வண்டியோட வர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

சாந்தகுமார் இதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வேன்?"

"வேன் நீ வாங்கு ண்ணா. நான் வேணாங்கல."

திருப்பதியில் நர்ஸிங் ஹோமுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு ஜெயசீலி வேலையில் சேர்ந்தாள். ரேணிகுண்டா சாலையில் டாக்டருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தாள். டாக்டர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். "போலாமா சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்பார், "போங்க" என்பாள். டாக்டர் வீட்டு நாத்தனார்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு அம்பாசடர் தங்களுக்கே என்றாகிவிட்டதில் சமாதானமானார்கள். பிரசவ வார்டு முழுவதும் மெல்ல மெல்ல ஜெயசீலியின் பொறுப்புக்கு வந்தது. அவள் பழக்கிய பெண்களில் பாதிப் பேர் மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் போனார்கள், போகும் முன் அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மணிக்கூண்டுக்கு மட்டும் காசு கொடுக்காதே என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்பினாள்.

வண்டி எட்டு வருஷம் ஓடியது. அதன்பின் அதற்கு ஒரு ஸ்பேர் சாமான் கிடைக்கவில்லை. மாவு மில் பெல்ட்டை வெட்டி ஒரு மெக்கானிக் ஆறு மாசம் ஒப்பேற்றினான். பெங்களூரிலிருந்து பழைய கார் பைத்தியம் ஒருவர் வந்து கேட்டபோது, டாக்டர் ஜெயசீலியைக் கேட்டுவிட்டே கொடுத்தார். வண்டியை லாரியில் ஏற்றிய நாளன்று வார்டில் மூன்று பிரசவம். வெளியே சங்கிலி இழுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது, கையில் வேலை இருந்ததால் போக முடியவில்லை. மூன்றாவது, பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. நல்ல குரல்.